இரும்புப் பெட்டிக்குள் ஒரு மாரிகாலம்

(எமது சங்கத்தின் மார்கழி ஒன்றுகூடலில் பேசியது. சித்திரை மலருக்காக எழுதித் தரப்பட்டுள்ளது.)



நான் மேடையில் பேசிப் பழகினவன் அல்ல. உயர்தரம் வரை படித்தேன், அதோடு சரி. இப்போது சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் பக்ரறியில் வேலை. போன கிழமை செயலாளர் அண்ணை என்னைப் பிடித்து, "தம்பி, நீர் கல்ஃபில குளிருக்குள்ள கரவனில இருந்த கதையை ஒருக்காச் சனத்துக்குச் சொல்லும்" என்றார். ஏன் கேட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். கார்த்திகைக் கடைசியில் எங்கள் ஆட்களின் வீடொன்றில் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வெளியில் இறைச்சி வாட்டியிருக்கிறார்கள். காஸ் காசுக்குப் பயந்து ஹீற்றர் போடுவதில்லை. நல்ல தணல் வீணாய்ப் போகுதே என்று அந்த அடுப்பை அப்படியே தூக்கி வந்து ஹோலுக்குள் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, அது அவர்களின் நல்ல காலம். அவர்களைக் குறை சொல்ல நான் இங்கே ஏறவில்லை. அதே வேலையை நானும் செய்தவன்.

கல்ஃப் என்றால் எங்கள் சனத்துக்கு வெயில்தான் ஞாபகம் வரும். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2010இல் முதலில் அஜ்மானுக்குப் போனேன். அங்கே இரண்டு வருடம். மார்கழி, தை மாதங்களில் இரவில் ஒரு ஜேர்சி போட்டால் போதும். ஆனால் அதே நாட்டிலேயே ராஸ் அல் கைமாவில் ஜெபல் ஜைஸ் என்று ஒரு மலை இருக்கிறது. அங்கே 2004இலும் 2009இலும் பனி கொட்டியது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி பூச்சியத்துக்குக் கீழே 2.2 பாகை வரை போனது. வெள்ளையாய்க் கிடக்கிற மலையைப் பார்க்கச் சனம் காரில் ஏறிப் போனது. குவைத்தில் கார்த்திகை நடுப்பகுதி தொடக்கம் பங்குனி நடுப்பகுதி வரை நகரசபை அனுமதியோடு பாலைவனத்தில் கூடாரமும் கரவனும் போட்டுக் குடும்பமாய்த் தங்குவார்கள். அவர்களுக்குக் குளிர் ஒரு திருவிழா. அந்தக் கூடாரங்களுக்குத் தண்ணீர் சுமக்கிறவனுக்கு அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது சவூதியின் வடக்கு மூலையில் துரைஃப் என்ற ஊர்ப்பக்கம். அஜ்மான் முடிந்து வீட்டுக்கு வந்து, ஏஜென்சிக்குத் திரும்பவும் காசு கட்டி, 2013இல் அங்கே போனேன். ஜோர்தான் எல்லைக்குக் கிட்ட, உயரமான கல்லுத்தரை. 1950இல் சவூதியிலிருந்து லெபனானின் சிடோன் துறைமுகம் வரைக்கும் அமெரிக்கக் கொம்பனிகள் எண்ணெய்க் குழாய் போட்டன. அந்தக் குழாய்க்கு எண்ணெய் தள்ளுகிற நிலையம் ஒன்று அங்கே இருந்தது. அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் துரைஃப். பக்கத்தில் பொஸ்பேற் பாறை எடுக்க வஅத் அல் ஷமால் என்று ஒரு தொழிற்சாலை நகரமே கட்டினார்கள், 2018இல் மன்னர் சல்மான் திறந்து வைத்தார். எங்கள் வேலை அதுவல்ல. நாங்கள் ஒரு சின்னக் கொன்றாக்டருக்குக் கீழே றோட்டுக்கரை வேலை.

பாலைவனத்தில் என்ன குளிர் என்று அம்மாவும் கேட்டா. முகிலும் இல்லை, ஈரமும் இல்லை, மரமும் இல்லை. பகலில் பிடித்த சூடு முழுவதும் பொழுதுபட மேலே போய்விடும். வடக்கிலிருந்து வருகிற காற்றை மறிக்க அங்கே ஒரு வேலிகூடக் கிடையாது. மார்கழி, தை மாதங்களில் இரவு பூச்சியத்துக்குக் கீழே போவது அங்கே புதினமில்லை. குளிருது என்று எழுதினேன், அம்மா ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் மல்லியும் சுக்கும் கொடுத்து விட்டா. ஜேர்சி அனுப்பவில்லை. சொன்னால் நம்ப வேண்டுமே!

இருப்பிடம் கரவன். அரபுக்காரரும் அதைக் கரவன் என்றுதான் சொல்வார்கள். இங்கே கடற்கரையில் விடுமுறைக்கு எடுக்கிற சொகுசுக் கரவனை நினைக்காதீர்கள். இருபதடி நீளம், பத்தடி அகலம். இரண்டு தகரத்துக்கு நடுவில் ஸ்பொஞ்சு மாதிரி ஒன்று, அதுதான் சுவர். சீமெந்துக் கல்லுகளுக்கு மேல் தூக்கி வைத்திருப்பார்கள், அதனால் காற்று அடியாலும் போகும். தட்டுக் கட்டில் இரண்டு, ஆள் நாலு பேர். சுவரில் ஓட்டை வெட்டி ஏசி பூட்டியிருக்கும், அது குளிராக்க மட்டும் தெரிந்த ஏசி. அதைச் சுற்றி விரல் போகிற இடைவெளி. அந்த நாட்டுச் சட்டத்தில் ஆனி 15 முதல் புரட்டாதி 15 வரை மத்தியானம் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று இருக்கிறது. நல்ல சட்டம். எங்கள் முகாமில் இரவுக் குளிரைப் பற்றிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

காலையில் தண்ணீர்த் தாங்கியின் குழாய் உறைந்து கிடக்கும். போத்தல் தண்ணீரைக் கேத்திலில் சுட வைத்து அந்தக் குழாய்க்கு ஊற்றி, அது விட்ட பிறகுதான் முகம் கழுவலாம். நாலு பேர் விடுகிற மூச்சு இரவு முழுக்கக் கூரைத் தகரத்தில் பிடித்து, விடியப்புறம் சொட்டுச் சொட்டாய் மேல்தட்டில் கிடக்கிற என் நெற்றியில் விழும். புலிப் படம் போட்ட மொத்தக் கம்பளி, கல்ஃபுக்குப் போன எல்லாருக்கும் தெரியும், அதுவும் நனைந்துவிடும். நான் இரண்டு களிசான், மூன்று சேர்ட், தலைக்குத் துவாய், காலுக்குச் சொப்பிங் பை, அதற்கு மேல் சொக்ஸ். அந்தப் பக்கத்து இடையர்கள் செம்மறித்தோல் உள்ளே வைத்துத் தைத்த ஃபர்வா என்ற பெரிய அங்கி போட்டிருப்பார்கள். பார்க்கப் பொறாமையாய் இருக்கும். அதை வாங்க மனம் வராது, வீட்டுக்கு அனுப்புகிற காசில் கை வைக்க வேண்டும்.

ஒரு சின்ன மின்சார ஹீற்றர் வாங்கினோம். முகாம் போர்மன் வந்து பிடுங்கிக்கொண்டு போனார், ஜெனறேற்றர் தாங்காதாம். அந்த ஜெனறேற்றரையும் டீசல் மிச்சம் பிடிக்க இரவு பதினொரு மணிக்கு நிற்பாட்டிவிடுவார்கள். பிறகு விடிய நாலு மணி வரை இருட்டும் குளிரும்தான்.

என்னோடு இருந்தவர்களில் கீழ்த்தட்டில் இராமநாதபுரத்து அண்ணன் ஒருவர். பத்துப் பன்னிரண்டு வருடம் கல்ஃபில் அடிபட்டவர். எனக்குச் சமையல் பழக்கியது அவர்தான். எதிர்த்தட்டில் மலையாளி ஒருவரும், சாப்பாட்டுக் கூடத்தில் உதவிக்கு நின்ற நேபாளப் பெடியனும். அண்ணன் எண்ணெய்த் தகரம் ஒன்றைப் பாதியாய் வெட்டி, ஓட்டை போட்டு, கரி அடுப்பு ஆக்கினார். பின்னேரம் வெளியில் மூட்டி, புகை முழுவதும் போய்க் கரி நல்ல சிவப்பாய் வந்த பிறகுதான் உள்ளே கொண்டுவருவார். "புகை இல்லைன்னா பயமில்ல தம்பி" என்பார். நானும் நம்பினேன். முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. அந்த ஏசி ஓட்டை எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

2013 மார்கழியில் ஜெருசலேமிலும் கெய்ரோப் பக்கத்திலும் பனி கொட்டினது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கமும் அந்தக் கிழமை காற்று ஊளையிட்டது. அண்ணனுக்கு இருமல். "தம்பி, அந்த ஓட்டையயும் அடைச்சிருப்பா, காத்து ஊசி மாதிரி குத்துது" என்றார். நான் காட்போட் மட்டையை வெட்டி, கறுப்பு ரேப் ஒரு சுருள் முழுவதையும் சுற்றி, ஏசியைச் சுற்றி ஒரு பொட்டு வெளிச்சம் தெரியாமல் ஒட்டினேன். கதவுக்கு அடியில் துவாய். அன்றைக்குத்தான் அந்தக் கரவன் சூடாய் இருந்தது. எவ்வளவு சந்தோசமாய்ப் படுத்தோம் தெரியுமா?

நடுச்சாமத்தில் எனக்குத் தலையிடி. காய்ச்சல் வருகுது என்று நினைத்தேன். சத்தி வருகிற மாதிரி இருந்தது, இறங்கிப் போவோம் என்றால் கால் சொல்வழி கேட்கவில்லை. பயமும் வரவில்லை, அதுதான் புதினம். படுத்துக் கிடந்தால் நல்லது போல இருந்தது. நேபாளப் பெடியனுக்கு மூன்றரைக்கு டியூட்டி. அவன் எழும்பி, தடுமாறி, கதவைத் திறந்த கையோடு வெளியே விழுந்திருக்கிறான். அந்தக் கதவால் வந்த காற்றுத்தான் மேல்தட்டில் கதவோரம் கிடந்த என்னை எழுப்பியது. மலையாளி முனகினார். அண்ணன் அடுப்புக்குக் கிட்டக் கிடந்தார். நல்ல நித்திரை என்று நினைத்துத்தான் அசைத்தேன்.

பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். எங்கள் மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒட்சிசன் வைத்தார்கள். அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை.

இனி நான் வெட்கப்படுகிற இடம். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். காபனோரொட்சைட்டு என்ற வாயுவைப் பற்றி எழுதி மாக்ஸ் எடுத்தவன். எரிகிற கரிக்குப் போதிய காற்று இல்லாவிட்டால் அந்த வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, புகையும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிற ஈமோகுளோபினில் அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாய்ப் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு நெஞ்சு நிறைய மூச்சு எடுத்தாலும் மூளைக்கு ஒன்றும் போகாது. இவ்வளவும் பரீட்சைத் தாளில் எழுதியிருக்கிறேன். ரேப் ஒட்டும்போது ஒரு வசனம்கூட ஞாபகம் வரவில்லை.

அண்ணனின் உடல் ஊருக்குப் போக ஐந்து கிழமை எடுத்தது. கொன்றாக்டர் ஓர் ஒப்பம், ஆஸ்பத்திரி ஓர் ஒப்பம், அங்கேயிருந்து ஒன்று, இங்கேயிருந்து ஒன்று. அவருடைய மனைவியோடு போனில் பேசினேன். பேப்பரில் மாரடைப்பு என்று இருக்காம். "தூக்கத்திலயே போயிட்டாரா தம்பி, கஷ்டப்படலயே?" என்று கேட்டார். இல்லை அக்கா என்றேன். ஓட்டையை அடைத்தது நான் என்று சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில்தான் முதல்முதலாய்ச் சொல்கிறேன்.

கல்ஃப் நாடுகளில் ஒவ்வொரு மாரிக்கும் பொலிசும் தீயணைப்புக்காரரும் கூடாரத்துக்குள்ளும் கரவனுக்குள்ளும் கரி கொண்டு போகாதே என்று அறிவிப்பார்கள். அது எங்கள் முகாமுக்கு வந்து சேரவில்லை. இங்கே எங்களுக்கு அந்தச் சாட்டு இல்லை, அதனால் நாலு விசயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கரி, பார்பிக்கியூ அடுப்பு, காஸ் சிலிண்டர் அடுப்பு, இவை ஒன்றும் சூட்டுக்காக வீட்டுக்குள்ளும் வரக்கூடாது, கோடையில் போகிற கூடாரத்துக்குள்ளும் கரவனுக்குள்ளும் வரக்கூடாது. யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரி என்று கணக்குப் போடாதீர்கள். மேல்தட்டு, கீழ்த்தட்டு என்றும் பார்க்காதீர்கள், அந்த வாயு காற்றின் பாரம்தான், எல்லா இடமும் பரவும். காற்றுத் துவாரத்தைக் குளிருக்காக அடைக்காதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் சுகம் என்றால் அது தடிமன் அல்ல, உடனே எல்லாரும் வெளியே வந்துதான் மற்ற வேலை. இங்கிலாந்தில் 2022 ஒக்ரோபர் 1 முதல், வாடகை வீட்டில் காஸ் பொயிலர் இருக்கிற அறையில் இந்த வாயுவுக்கான அலாரம் வீட்டுக்காரர் பூட்டித் தரவேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால் கேளுங்கள். ஆங்கிலம் கஷ்டமென்றால் சங்கத்தில் சொல்லுங்கள், கடிதம் எழுதித் தருவார்கள்.

வைத்திருக்கிற பலருக்கு அது எப்படிச் சத்தம் போடும் என்று தெரியாது. ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், பட்டனை அமத்திக் காட்டுகிறேன். பிள்ளைகள் காதைப் பொத்துங்கோ.

(இந்த இடத்தில் அலாரம் அடித்துக் காட்டப்பட்டது.)