ரயரில் மிச்சம் பிடிக்கலாமா?



வருமானவரிக் காலத்தில் என் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் இன்றைய தலைப்பைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். கணக்காளனுக்கும் ரயருக்கும் என்ன சம்பந்தம்? சென்ற மாதம் நிகழ்ச்சி முடிந்த பின் ஒரு தம்பி தொலைபேசியில் கேட்ட கேள்விதான் காரணம்.

"அண்ணை, பிக்கப் ஒண்டு வாங்கியிருக்கிறன். நாலு சில்லும் இழுக்கும். ஓல்-ரெறெயின் ரயர் போட்டால் வின்ரருக்கு வேற ரயர் தேவையில்லை எண்டு சொல்லுறாங்கள். உண்மையோ?"

ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு வசனத்தில் சொல்ல முடியவில்லை. ஆறுதலாகச் சொல்கிறேன் என்றேன். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

நான் 1996இல் ரொறன்ரோவுக்கு வந்தேன். முதல் வின்ரரில் நாங்கள் மூன்று பேர் ஒரு பழைய காரைப் பங்குபோட்டு இரவு வேலைக்குப் போனோம். ரயர் நான்கும் பழைய ரயர் கடையில் வாங்கியவை, பற்கள் பாதிக்கு மேல் தேய்ந்தவை. புது ரயர் வாங்கும் காசு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடிய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு, ஓடுகிற ரயரை எறிவது பெரிய பாவமாகத் தெரிந்தது. அந்தப் பழக்கம் எங்களில் பலரை இன்னும் விடவில்லை. வீட்டுக்கு அரை மில்லியன் டொலர் கடன் எடுப்போம், ரயருக்கு 200 டொலர் கூடக் கொடுக்க யோசிப்போம்.

பிள்ளைகள் வளர்ந்த பின் நானும் ஒரு பிக்கப் வாங்கினேன். பார்வைக்கு முரட்டுத்தனமான ஓல்-ரெறெயின் ரயர் போட்டேன். பக்கச்சுவரில் 'எம்+எஸ்' என்று இருந்தது. சேற்றுக்கும் பனிக்கும் உரியது என்று பொருள். அது போதும் என்று நினைத்தேன்.

ஒரு ஜனவரிச் சனிக்கிழமை, காலை நிகழ்ச்சிக்காக நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மகள். உறைந்த வீதியின் மேல் மெல்லிய புதுப்பனி. ஒரு சரிவின் அடியில் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன். வாகனம் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே சந்தியின் நடுவுக்குப் போய், எதிர்ப்பக்கக் கரையில் இடித்து நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் சந்தியைக் கடந்து போனது. இரண்டு விநாடி முந்தியிருந்தால் அது மகள் இருந்த பக்கம். ஒருவருக்கும் காயமில்லை. மகள் ஒன்றும் பேசவில்லை. அன்று நிகழ்ச்சியில் நான் என்ன வாசித்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

பின்னர் ரயர் மாற்றப் போன இடத்தில் ஒரு பொடியன் சொன்னான்: "அங்கிள், நாலு சில்லு இழுவை வாகனத்தை எடுக்கத்தான் உதவும். நிப்பாட்டுறதுக்கு எல்லா வாகனத்துக்கும் நாலு சில்லிலயும் பிரேக் இருக்குத்தானே." வணிகப் பட்டதாரிக்கு அது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். 'எம்+எஸ்' என்பது பற்களின் அமைப்பையும் இடைவெளியையும் வைத்து உற்பத்தியாளர் இடும் குறி. பனியில் ஓட்டிச் சோதித்த சான்றிதழ் அல்ல. நீங்கள் தேட வேண்டியது, மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் கொண்ட படம். 1999 முதல் உள்ள இந்தக் குறியைப் பெற, இறுகிய பனியில் ஒரு நியம ரயரைவிடக் குறித்த அளவு கூடுதலாக இழுக்க வேண்டும். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2, டோயோ ஓப்பன் கன்றி ஏ.ரி.3 போன்ற ஓல்-ரெறெயின் ரயர்களில் இது உண்டு. ஆனாலும் கடைக்காரர் சொல்வதோடு விடாமல், நீங்கள் வாங்கும் ரயரின் பக்கச்சுவரைக் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் அந்தச் சோதனை பார்ப்பது பனியில் இழுவையை. பிரேக் பிடிப்பதையோ வழுக்கும் ஐஸையோ அது அளப்பதில்லை. ஐஸில் பிடிக்க வேண்டுமானால் குளிரிலும் மென்மையாக இருக்கும் இறப்பரும், பற்களில் நெருக்கமான மெல்லிய கீறல்களும் வேண்டும். வெப்பநிலை ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகத் தொடங்கும். பனிப்பூக் குறியுள்ள ஓல்-ரெறெயின் ரயர் புதுப்பனியில் நன்றாக இழுக்கும். ஐஸில் அது நல்ல வின்ரர் ரயருக்கு ஈடாகாது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ரயர் வாங்கமுன் ஒரு தாளில் உங்கள் கிலோமீற்றர் கணக்கை எழுதுங்கள். நான் ஆண்டுக்கு ஏறக்குறைய 25,000 கிலோமீற்றர் ஓடுகிறேன். அதில் 20,000க்கு மேல் ஸ்காபுறோவிலிருந்து மிசிசாகாவுக்கு 401இல் வேலைக்குப் போய் வருவது. கோடையில் ஹலிபேர்ட்டன் பக்கம் மீன்பிடிக்கப் போகும் கிரவல் றோட்டு 600 கிலோமீற்றர். நூற்றுக்கு மூன்று கூட இல்லை. அந்த மூன்றுக்காக மிகமுரட்டு ரயர் போட்டால், மற்றத் தொண்ணூற்றேழிலும் இரைச்சலையும் எரிபொருளையும் கட்டவேண்டும். நூறு கிலோமீற்றருக்கு அரை லீற்றர் கூடினால் எனக்கு ஆண்டுக்கு 125 லீற்றர்.

பாரமான ரயரும் அப்படித்தான். அளவுக்கு முன் 'எல்.ரி' என்று இருந்து, பாரவகை 'ஈ' என்றிருந்தால் அது பத்து மடிப்பு வலிமைத் தரம். பெரிய றெயிலர் இழுப்பவருக்கும், கட்டடச் சாமான் ஏற்றுபவருக்கும், கூரான கல்லுப் பாதையில் அடிக்கடி போகிறவருக்கும் அது தேவை. வேலைக்குப் போய்வரும் அரைத் தொன் பிக்கப்புக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஓட்டம் கடினமாகும், எடையும் கூடும். சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் அளவும் காற்றழுத்தமும் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்குங்கள். அழகுக்காகப் பெரிய ரயர் போட்டால், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

இரண்டு தொகுதி ரயர் வாங்குவது வீண்செலவா? கணக்குப் பாருங்கள். வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் மற்றது தேயாது. இரண்டும் கூடிய காலம் நிற்கும். உண்மையில் கூடும் செலவு இரும்பு றிம்மும், ஆண்டுக்கு இருமுறை மாற்றும் கூலியும்தான். ஒன்ராறியோவில் 2016 ஜனவரி முதல் வின்ரர் ரயருக்குக் காப்புறுதிக் கழிவு கொடுக்க வேண்டும் என்பது விதி. பனிப்பூக் குறியுள்ள ஓல்-ரெறெயினையும் ஏற்பார்களா என்று உங்கள் காப்புறுதிக்காரரிடம் கேட்டு எழுத்தில் எடுங்கள். மொன்றியலில் இருக்கும் உறவினருக்கும் சொல்லுங்கள்: கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்தக் குறியுள்ள ரயர் சட்டப்படி கட்டாயம்.

ஆகவே தம்பிக்கு என் பதில் இது. வீட்டிலிருந்து வேலை, பனி கொட்டும் நாளில் வெளிக்கிடாமல் இருக்க வசதி, கோடையில் கொஞ்சம் கிரவல் என்றால், பனிப்பூக் குறியுள்ள மிதமான ஓல்-ரெறெயின் ஒரு தொகுதி போதும். பனியகற்றும் வண்டி வரமுன் அதிகாலை வேலைக்குப் போகிறவரானால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பரிக்குப் போய் வருகிறவரானால், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தனி வின்ரர் ரயர் போடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

கடைசியாகச் சில சிறு விடயங்கள். நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் ஆண்டும்: 3524 என்றால் 2024இன் 35ஆம் வாரம். மலிவு ரயர் பழையதா என்று அதில் தெரியும். குளிர் ஏறக்குறைய 6 பாகை இறங்க 1 பி.எஸ்.ஐ காற்றுக் குறையும், மாதம் ஒருமுறை பாருங்கள். கிரவலுக்காகக் காற்றைக் குறைத்தால் தார் றோட்டுக்கு ஏறமுன் நிரப்புங்கள். பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். சட்டம் 1.5 மில்லிமீற்றர் ஆழம்வரை விட்டாலும், பனிக்கு 5 மில்லிமீற்றர் அளவாவது வேண்டும்.

சிக்கனம் எங்களை இந்த நாட்டில் நிலைநிறுத்தியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் முழு வாகனத்தில் வீதியைத் தொடுவது ஒவ்வொரு ரயரிலும் ஒரு உள்ளங்கை அளவு இடம்தான். மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்ப்போம்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம். கவனமாக ஓடுங்கள்.