பழைய தட்டும் புதிய தட்டும்

இசையைக் கேட்பது ஒன்று. இசையைச் சேர்ப்பது மற்றொன்று. கேட்பவர் கச்சேரி முடிந்ததும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சேர்ப்பவருக்கு அது போதாது. அந்தப் பாட்டைத் தட்டாகவோ நாடாவாகவோ வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கினால்தான் அவருக்கு உறக்கம் வரும். 35 ஆண்டுகள் பள்ளியில் பணி செய்து ஓய்வு பெற்ற நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே.

இசை சேர்ப்போர் இருவர் சந்தித்தால் அவர்களிடையே ஒரு வழக்கு எழுவது உறுதி. இன்னொருவர் கேட்டுக் கைமாறிய பழைய தட்டை வாங்குவதா, கடையிலிருந்து உறை பிரிக்காத புதிய தட்டை வாங்குவதா என்பதே அவ்வழக்கு. பழையது மலிவு என்பார் ஒருவர். புதியது சுத்தம் என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் சரிதான். ஆயினும் விலையையும் சுத்தத்தையும் மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புக் கூற இயலாது. வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அது என்ன கேள்வி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஆசிரியனாக இருந்தவன் அல்லவா? பாடத்தை அடிப்படையிலிருந்து தொடங்குவதே என் வழக்கம்.

இன்றைய பிள்ளைகளில் பலர் கிராமபோன் தட்டைக் கண்ணால் கண்டதில்லை. எடிசன் 1877-இல் ஒலியைப் பதியும் கருவியைக் கண்டுபிடித்தார். அது உருளையில் பதிந்தது. வட்டத் தட்டில் பதியும் முறையை 1887-இல் எமில் பெர்லினர் வகுத்தார். அந்தத் தட்டுகள் பின்னர் அரக்கினால் ஆயின. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினோடு கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்தி எடுத்த தட்டு அது. உலகத்துக்கு அரக்கு வழங்கியதில் நம் நாட்டுக்கே முதலிடம். எந்தத் தேசத்துப் பாடகர் பாடினாலும் அவர் குரல் நம் நாட்டு அரக்கில் பதிந்தது என்று எண்ணும்போது சிறிது பெருமையாகத்தான் இருக்கிறது.

1902-இல் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தனர். அப்போது பாடியவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டின் முடிவில் அவர் தம் பெயரைத் தாமே சொல்வார். பதிவுகள் ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அச்சாயின. அங்குள்ள தொழிலாளர் இன்னாருடைய பாட்டு இது என்று அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு அது உதவியது. 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டது. 1925 அளவில் மைக் வைத்து மின்சாரத்தால் பதியும் முறை வந்தது. அதுவரையில் பாடியவர்கள் ஒரு பெரிய குழலின் வாய்க்குள் முழங்க வேண்டியிருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கிடைக்கும். ராகம், கீர்த்தனை, சுரம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்க வேண்டும். 1948-இல் வந்த வினைல் தட்டு ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்தது. பின்னர் ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, இன்று எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது.

இனி வழக்குக்கு வருவோம். முதலில் பழைய தட்டின் சார்பில் பேசுகிறேன்.

கோயம்புத்தூர் தாயி என்னும் பாடகியார் 1917-இல் மறைந்தார். பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் அவருடைய இசையில் மனத்தைப் பறிகொடுத்தார் என்பது வரலாறு. வீணை தனம்மாள் 1938-இல் மறைந்தார். தம் முதுமையில் அவர் பதிந்து கொடுத்த தட்டுகள் சிலவே. எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளமையிலேயே மறைந்தார். இவர்கள் பாடியதையும் வாசித்ததையும் நேரில் கேட்டவர் எவரும் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுடைய இசை இருக்கும் இடம் அந்த அரக்குத் தட்டுதான். அச்சடிக்கப் பயன்பட்ட உலோக மூலங்களில் பல அழிந்துவிட்டன. ஆகவே பழைய பாட்டைப் புதிதாக வெளியிட விரும்புகிறவரும் எவர் வீட்டிலோ கிடந்த பழைய தட்டைத் தேடித்தான் போக வேண்டும். புதியதற்கும் தாய் பழையதே என்பது இதனால் விளங்கும்.

புதிய வெளியீடு எப்போதும் பழைய தட்டை ஒத்திருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 78 என்பது பெயரளவில்தான். தொடக்க காலத் தட்டுகளில் பல அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ சுழன்றபோது பதிந்தவை. 74 சுழற்சியில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும் விரையும். நிதானமாகப் பாடிய வித்துவான் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்போல் ஆகிவிடுவார். அன்றியும், கீறல் ஓசையை நீக்குகிறேன் என்று புறப்படுகிறவர்கள் சில சமயம் தம்பூராவின் ரீங்காரத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். அழுக்கோடு சேர்த்துத் துணியின் சாயத்தையும் வெளுத்துவிட்ட சலவைக்காரர் கதைதான்.

சென்னையில் மூர் மார்க்கெட் என்று ஒன்று இருந்தது. 1985-இல் அது தீக்கிரையாயிற்று. பழைய புத்தகத்துக்கும் பழைய தட்டுக்கும் அதைப் போன்ற இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. இளமையில் நான் அங்கே கற்ற பாடம் சிலவற்றைச் சொல்லுகிறேன். பழைய அரக்குத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுப்பாக மின்னினால் நல்லது. கோடுகள் சாம்பல் பூத்திருந்தால் ஊசி தின்றுவிட்டது என்று பொருள். விளிம்பை விரலால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மண்பானை வாங்குகிறவர்கள் செய்யும் சோதனைதான் இது. அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தல் கூடாது. அரக்கு அதில் கரையும். வினைல் தட்டுக்குரிய ஊசி இதற்கு ஆகாது. அரக்குத் தட்டின் வரி அகலமானது. அடுக்கி வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் காக்க வேண்டும். இவ்வளவு தொல்லையையும் பொறுப்பவரே பழைய தட்டை வாங்கத் தகுதியுடையவர்.

இனிப் புதிய தட்டின் சார்பில் பேசுகிறேன். எதிர்க்கட்சியின் வழக்கையும் அதே ஊக்கத்தோடு எடுத்துரைப்பதே நேர்மை அல்லவா?

விற்ற தட்டை வாங்கியவர் மறுபடியும் விற்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டாம் விலையில் ஒரு காசுகூடப் பாடியவருக்குப் போய்ச் சேராது. காலஞ்சென்றவருக்கு இதனால் இழப்பு இல்லை. வாழ்கிறவருக்கு உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நிற்கிறது. எனினும் சட்டம் நின்றால் போதாது, வாங்குகிறவரும் வேண்டும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பாட்டைத் தொழிலாகக் கொண்டார். கைப்பொருளைச் செலவிட்டு, பக்கவாத்தியக்காரர்களுக்குச் சன்மானம் கொடுத்து, ஒரு குறுந்தட்டு வெளியிட்டார். மார்கழிக் கச்சேரி ஒன்றில் மண்டப வாயிலில் மேசை போட்டு அதை விற்றுக்கொண்டிருந்தார். நான் இரண்டு எடுத்தேன்.

“உங்களுக்கு எதற்கு சார் விலை? ஒன்றைச் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

“நீ பரீட்சையில் எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்திருக்கிறேனா? அதுபோல் விலை கொடுக்காத பாட்டும் எனக்கு வேண்டாம்” என்றேன்.

உடன் வந்த நண்பர், “பழைய வித்துவான்களின் தட்டையே நீர் கேட்டு முடிக்கவில்லை. இது எதற்கு?” என்றார். பழைய வித்துவான்களும் ஒரு காலத்தில் புதியவர்களாக இருந்தவர்கள்தாம். அன்று அவர்கள் பதிந்ததைப் புதிதாக வாங்கியவர்கள் இருந்ததனால்தான் கம்பெனிக்காரர்கள் மேலும் பதிந்தார்கள். இன்று நமக்குப் பழைய தட்டு கிடைப்பதற்கே காரணம், அன்று புதிய தட்டை வாங்கிய யாரோ ஒருவர். அவருக்கு நாம் பட்ட கடனை அவரிடம் தீர்க்க முடியாது. இன்றைய பாடகரிடம்தான் தீர்க்க முடியும்.

இரு சார்பிலும் மிகை உண்டு. 1942-இல் உலகப் போரினால் அமெரிக்காவில் அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. புதிய தட்டு வேண்டுமானால் ஒரு பழைய தட்டைக் கொண்டுவந்து கொடு என்றனர் கடைக்காரர்கள். பழையவை கரைத்து அரைக்கப்பட்டுப் புதியவை ஆயின. அவ்வாறு அழிந்தவற்றுள் மறுபடி கிடைக்காத பாட்டு எத்தனை இருந்திருக்கும்! புதுமை மோகம் இப்படிச் செய்யும்.

பழமை மோகமும் குறைந்ததன்று. 1960-களில் மேல்நாடுகளில் அரக்குத் தட்டு மறைந்த பின்னரும் நம் நாட்டில் அது அச்சாகி வந்தது. அக்காலத்தில் இங்கே அரக்குத் தட்டாக வெளிவந்த பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்களை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இன்று தேடித் தேடிப் பெருவிலைக்கு வாங்குகின்றனர். அந்தப் பாடல்களைக் கேட்க அந்தத் தட்டு வேண்டியதில்லை; எங்கும் நன்றாகவே கிடைக்கின்றன. அங்கே விலை பெறுவது பொருளின் அருமை, இசை அன்று. அதில் தவறு காண்பதற்கில்லை. தபால்தலை சேர்ப்பதும் நல்ல பொழுதுபோக்குத்தானே? ஆனால் தனம்மாளின் தட்டை அந்தக் கணக்கில் வைத்துப் பூட்டிவிட்டால், பூட்டப்படுவது தட்டு மட்டும் அன்று.

இதை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவர், இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு பெட்டித் தட்டுகளை எனக்காக எடுத்து வைத்திருந்தார். பெரும்பாலும் நான் அறிந்த தட்டுகள். இரண்டு மட்டும் புதியவை. அந்த ஊரில் நாடகத்தில் நடித்த ஓர் அம்மையார் பாடியவை. விசாரித்ததில் அவருடைய மகள் அதே ஊரில் இருப்பது தெரிந்தது. எண்பது வயதைக் கடந்தவர். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். தட்டைப் பதிவு செய்து எடுத்துப் போய் அவருக்குக் கேட்பித்தேன். மூன்றரை நிமிடமும் அசையாமல் இருந்தார். “எங்க அம்மா குரல் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு” என்றார். பிறகு, “இன்னொரு தடவை வைங்க” என்றார். நான் ஏழெட்டுத் தடவை வைத்தேன். விலை கொடுத்து வாங்கியவன் நான். ஆயினும் அந்தத் தட்டு என்னுடையது என்று சொல்ல அன்று என் நா எழவில்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான் கொடுக்கும் காசினால் எந்தப் பாட்டு வாழப்போகிறது? பாடியவர் வாழ்கிறாரானால் புதியதை வாங்குங்கள். அடுத்த பாட்டு அதனால் பிறக்கும். பாடியவர் மறைந்து, பாட்டும் வேறெங்கும் கிடைக்காததானால், பழையதை வாங்குங்கள். அது அழியாமல் நிற்கும். பழையது நல்ல முறையில் மறுபடி வெளிவந்திருந்தால், புதியதைக் கேட்டுப் பழையதற்கு ஓய்வு கொடுங்கள். ஊசி ஒவ்வொரு முறையும் சிறிது தின்னத்தான் செய்யும். முதல் வகையில் நாம் புரவலர். இரண்டாம் வகையில் காவலர்.

காவலர் என்று சொன்னேன். காவலருக்கு ஒருநாள் பணி முடியும். அலமாரிக்கு உரியவர் போனபின் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பாவம், அவர்களிடம் ஓட்டுவதற்குக் கருவியும் இராது. வைப்பதற்கு இடமும் இராது. தட்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எல்லாக் கடைக்காரரும் என் மாணவராக இருக்க முடியுமா? மும்பையில் 1990-இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம், பழைய ஓடியன் தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பதிவு செய்து எவரும் கேட்குமாறு செய்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், ஒரு தனி மனிதர் கோட்டையூரில் சேர்த்து வைத்ததிலிருந்து 1994-இல் எழுந்தது. ஒருவர் சேர்த்தது ஊருக்குப் பயன்படுவதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். தாத்தா வாங்கியதாக இருக்கலாம்; பாட்டி கேட்டதாக இருக்கலாம். அதை விற்கும் முன்னர், அதில் யார் பாடியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பெயர்ச்சீட்டைப் படித்துப் பாருங்கள். உங்களுக்கு அது வேண்டாததாக இருக்கலாம். வேண்டுபவர் ஒருவர் எங்கோ காத்திருக்கக்கூடும். அதுபோலவே, அடுத்த முறை கச்சேரிக்குப் போகும்போது வாயிலில் இருக்கும் அந்தச் சிறிய மேசையையும் ஒருகணம் நின்று பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு மிகுதியன்று.