நாற்காலி கொடுப்பதற்கு முன் அளவெடுப்போம்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சக்கர நாற்காலி வழங்கும் கூட்டம் என்று நினைத்துச் சிலர் வந்திருப்பீர்கள். இன்று ஒரு நாற்காலியும் வழங்கப்போவதில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்பு, தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட ஒரு தம்பிக்கு நாம் சக்கர நாற்காலி கொடுத்தோம். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு கிடையாது. ஜும்ஆ முடிந்து கொடுத்தோம், துஆ செய்தோம், போட்டோவும் எடுத்தோம். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போனபோது அவர் குப்புறப் படுத்துக் கிடந்தார். பிட்டத்து எலும்பின் மேல், விரல் நுழையும் ஆழத்துக்குப் புண். அவருடைய அம்மா, "நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேனோ" என்று அழுதார். இராத்திரியெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைத்த அம்மா அவர். பிழை அவரிடம் இல்லை. தம்பியின் இடுப்பு அகலம் 14 அங்குலம். நாம் கொடுத்த நாற்காலி 18 அங்குலம். கொடுத்தவர்களில் நானும் ஒருவன். இயன்முறை சிகிச்சை படித்தவன் நான், அன்று ஒரு இஞ்ச் டேப்பைக்கூட எடுத்துப் போகவில்லை.

"படுக்கைப் புண்" என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. படுத்தால்தான் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். கஹ்ஃப் சூராவில் குகைவாசிகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் புரட்டப்பட்டதாக வருவதை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். படுத்திருப்பவரைப் புரட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் தெரிந்த விஷயம்தான். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரையும் அசைக்க வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பகுதி பிட்டத்தில் உள்ள இரண்டு சிறிய எலும்புகளின் மேல் இறங்குகிறது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்த ஓட்டம் நிற்கிறது. நமக்கென்றால் கடுக்கும், தானாக நகர்ந்துகொள்வோம். உணர்வு இல்லாதவருக்குக் கடுப்பும் தெரியாது. வாதம் வந்து தானாக நகர முடியாத பெரியவருக்குத் தெரிந்தும் பயனில்லை.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன். மடித்து வைக்கிற சாதாரண நாற்காலியின் ரெக்ஸின் இருக்கை கொஞ்ச நாளில் தூளிபோலத் தொய்ந்துவிடும். தொய்ந்தால் இரண்டு தொடையும் உள்பக்கம் ஒட்டும், இடுப்பு ஒருபக்கம் சாயும், பாரம் முழுவதும் ஒரே எலும்பில் விழும். இருக்கை அகலமாக இருந்துவிட்டால் சாய்வு இன்னும் அதிகம். அந்தத் தம்பிக்கு நடந்தது இதுதான்.

உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளக்க வேண்டும். இருக்கை அதைவிட இருபுறமும் ஒரு விரல் கனம் கூடுதலாக இருந்தால் போதும். பின்பக்கம் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தபின், முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். கால்மிதி மிக உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொண்டு பாரமெல்லாம் பின்னால் போய்விடும். தாழ்ந்திருந்தால் ஆள் முன்னால் வழுக்குவார். வழுக்குவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். தோல் துணியோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் உள்ளே நகர்கிறது. சதை உள்ளுக்குள்ளேயே கிழிபடும், வெளியே தெரிய நாளாகும்.

கழுத்து நிற்காத பிள்ளைகள், நாள் முழுக்க நாற்காலியிலேயே இருக்கும் பெரியவர்கள், இவர்களுக்கு உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற நாற்காலி வேண்டும். தலைக்கும் விலாவுக்கும் தாங்கல் இருக்கும். இதில் முதுகுப்பலகை மட்டும் பின்னால் சாய்வது ஒரு வகை. இருக்கையும் முதுகும் சேர்ந்து அப்படியே பின்னால் சரிவது இன்னொரு வகை. இதை 'டில்ட்' என்பார்கள். முதுகை மட்டும் சாய்த்தால் ஆள் முன்னால் வழுக்கத்தான் செய்வார். டில்ட் நாற்காலியை 30 பாகைக்கு மேல் சரித்தால் பிட்டத்துப் பாரம் முதுகுக்கு மாறும். சாய்க்கவும் வேண்டுமென்றால் முதலில் டில்ட், அதன்பிறகு முதுகு. ஆனால் இது கனமானது, ஆட்டோவில் ஏற்ற முடியாது, நம் சந்து வீடுகளின் நிலைப்படிக்குள் நுழையாமலும் போகலாம். கையால் தானே தள்ளிப்போகத் தெம்புள்ள இளைஞருக்கு இதைக் கொடுத்தால் அவர் கையைக் கட்டிப்போட்டதாகிவிடும். விலை கூடியதெல்லாம் நல்லது என்று இதில் சொல்ல முடியாது.

நாற்காலியைவிட மெத்தைக்குத்தான் நாம் குறைவாகச் செலவழிக்கிறோம். நல்ல கனமான ஃபோம், ஜெல், காற்றறை என்று மெத்தையில் வகை உண்டு. மருந்துக்கடையில் வாங்கும் நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையம் மட்டும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, ஓட்டையின் நடுவில் உள்ள சதைக்கு இரத்தம் போகாமல் செய்துவிடும். மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு தட்டுப்பட்டால் அந்த மெத்தை வேலை செய்யவில்லை. மெத்தையின்மேல் போர்வையை நாலாக மடித்துப் போடுவதும் கூடாது. அன்பாகச் செய்வதுதான், ஆனால் மடிப்பு உறுத்தும்.

எந்த மெத்தையானாலும் அரை மணிக்கொரு முறை பாரத்தை மாற்றியே ஆக வேண்டும். ருகூவுக்குக் குனிவது தெரியுமல்லவா? நாற்காலியில் இருந்தபடி அதுபோல முன்னால் நன்றாகக் குனிந்தால் பிட்டத்து எலும்பிலிருந்து பாரம் விலகும். இரண்டு நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். விழுந்துவிடாமல் ஒருவர் முன்னால் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து வக்து தொழுகையோடு முடிந்துவிடும் வேலையில்லை இது. பாங்குக்குப் பாங்கு நேரம் அதிகம்.

இரவில் இறக்கிப் படுக்கவைத்ததும் தோலைப் பாருங்கள். வெட்கப்பட்டால் அவர் கையிலேயே கண்ணாடியைக் கொடுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. கருத்துப்போய், சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அழுத்திவிட்டு எடுத்தால் நிறம் மாறாத இடம் தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். அது சரியாகும்வரை அதன்மேல் உட்காரவைக்காதீர்கள். தோல் உரிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ புண்ணைக் கட்டப் போகிறது. கட்டுவதற்கு நம்மிடம் குறைவில்லை. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவர் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டவர்; 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அத்தனை ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தே ஒரு நிறுவனத்தை நடத்துவதென்றால் தினமும் அவரைத் திருப்பிவிட்ட கைகள் எத்தனை இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம்.

விருதுநகர் கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு நாற்காலிக்கு அங்கே விண்ணப்பிக்கலாம்; அடையாள அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை எடுத்துவிடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் புண் ஆறுவதற்கு எட்டு மாதமாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், இப்போது 15 அங்குல நாற்காலியில், கனமான மெத்தையோடு, மொபைல் கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

இந்த வருடம் நன்கொடைப் பணத்தில் வாங்கும் நாற்காலிகளின் எண்ணிக்கை குறையும். கேட்பவர்களுக்கு அதைச் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு நாற்காலிக்கும் மெத்தை உண்டு, கொடுத்த மாதமே ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்ப்போம். பெண்களுக்கு அளவெடுக்கப் பெண்களே வருவார்கள். ஏற்கனவே நம்மிடம் நாற்காலி வாங்கியவர்களும் பெயர் கொடுக்கலாம், இன்ஷா அல்லாஹ் மாற்றித் தருகிறோம். அளவெடுக்க வரும்போது அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே இருக்கட்டும். நிலைப்படியின் அகலத்தையும் கழிப்பறை வாசலையும் நாங்களே அளந்துகொள்கிறோம்.