பட்டணத்துச் சர்வகலாசாலையும் நம் குடும்பங்களும்

(நமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியின் பெருமையை எடுத்துரைத்தல் இன்று நமது நோக்கமன்று. அதனை மறுப்பார் இச்சபையில் ஒருவருமிலர். நம் பிள்ளையொருவன் பட்டணத்துச் சர்வகலாசாலையிற் சேர்ந்தபின் அவனுக்கும் அவனை அனுப்பிய வீட்டாருக்கும் நேர்வன யாவை, அதில் நம் சங்கத்தின் கடமை யாது என்பவற்றையே ஈண்டுச் சொல்லப் புகுந்தோம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி சட்டத்தால் நிறுவப்பெற்றது. லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டமையின், ஆதியில் பரீட்சை நடத்திப் பட்டமளிப்பதே அதன் தொழிலாயிருந்தது. அதன் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும் யாழ்ப்பாணத்தார். அவருள் முன்னவரே பின்னாளில், ஏட்டில் மறைந்து கிடந்த கலித்தொகையை 1887-இல் அச்சேற்றியவர். கடல் கடந்து வந்தவரே முதற் பட்டம் பெற்றனரெனின், கிராமத்துப் பிள்ளைக்கு அவ்விடம் எங்ஙனம் அந்நியமாகும்? ஆயினும் அந்நியமாகவே தோன்றுகிறது. அதற்குக் காரணங்கள் உள.

முதலாவது, செலவு. சர்க்கார் கலாசாலையிற் சம்பளம் சொற்பம் என்று கேட்டுத் தகப்பனார் மனமகிழ்கிறார். ஆனால் பையனை வருத்துவது சம்பளமன்று. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்குக் கொடுக்கும் வாடகையும், மூன்று வேளைச் சாப்பாடும், பஸ்ஸும் ரயிலுமேயாம். வாடகைக்கு அஞ்சி, அரக்கோணத்திலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் விடியுமுன் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் மாணவர் பலர். அவர் படிப்பது எப்பொழுது? சர்க்கார் பள்ளியிற் படித்த பெண்களுக்கு மாதம் ரூ. 1,000 அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பெற்றன. நன்றே. எனினும் பட்டணத்தில் ஒரு மாதத்து உணவுக்கே அத்தொகை போதாது.

இரண்டாவது, பாஷை. பன்னிரண்டு வருஷம் தமிழிற் கற்றவன், ஒரு நாள் காலையில் ஆங்கிலப் பிரசங்கத்தின் முன் அமர்கிறான். வகுப்பில் அவன் வாய் திறவாதிருப்பது மந்தபுத்தியால் அன்று. நகைப்பார்களோ என்னும் நாணத்தால். முதற் பருவத்தில் இரண்டு மூன்று பாடங்களில் அரியர் விழுகிறது. அதனை வீட்டிற்கு எழுதான். மறைத்த ஒன்று மறுபருவத்தில் இரண்டாகிறது. தாய் தந்தையரே! அரியர் என்பது அவமானமன்று. திரும்ப எழுதித் தீர்க்கத்தக்க கடனே. அதனை உங்களிடம் அஞ்சாமற் சொல்லும்படி அவனை வைத்திருங்கள்.

மூன்றாவது, வீட்டிற்கும் அவனுக்கும் இடையே வளரும் தூரம். தாயார் நாள்தோறும் டெலிபோனில் "சாப்பிட்டாயா?" என்கிறார், தகப்பனார் "வேலை எப்பொழுது?" என்கிறார். அவன் என்ன படிக்கிறான் என்று கேட்பாரில்லை. கேட்டால் நமக்கு விளங்காதென்று நாமே எண்ணிவிடுகிறோம். விளங்காவிடினும் கேளுங்கள். ஒருமுறை நேரிற் சென்று, அவன் அமரும் வகுப்பையும், எஸ். ஆர். ரங்கநாதன் 1924 முதல் இருபது வருஷம் ஊழியம் செய்த சர்வகலாசாலைப் புத்தகசாலையையும் பாருங்கள். எழும்பூர்க் கன்னிமராவிலும், 2010-இல் திறக்கப்பெற்ற கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் ஏழைப்பிள்ளை நாள் முழுதும் காசின்றி அமர்ந்து படிக்கலாம். பட்டணம் அளிக்கும் செல்வங்களுள் இதற்கு நிகரில்லை.

பெண்மக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்தது 1907-இல், தேறியது 1912-இல். நூறாண்டு கழிந்த பின்னும், நல்ல வரன் வந்ததென்று இரண்டாம் வருஷத்திற் பெண்ணை அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடை முற்றும் ஒழிந்திலது. வரன் ஒரு வருஷம் காத்திருப்பான். காத்திராதவன் நல்ல வரனல்லன்.

இனி, நம் சங்கத்தின் கடமை. நம் முன்னோர் பட்டணத்தில் விடுதி கட்டியது ஏன்? அக்காலத்தில் ஜாதி பார்த்தே தங்க இடமும் உண்ண இலையும் கிடைத்தன. பிறர் கதவு அடைத்திருந்தமையால் நாம் ஒரு கதவு திறந்தோம். இன்று நாமே அக்கதவை நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு அடைத்து வைத்தல் நியாயமோ? "நம் பணம் நம் பிள்ளைகட்கே" என்பார் உளர். அவர் கூற்று முற்றும் தவறென்று சொல்லோம். நம்மிலும் ஏழைகள் உளர். ஆனால் நம் பிள்ளை அமரும் பெஞ்சும், படிக்கும் புத்தகமும், ஆசிரியர் சம்பளமும் எவர் பணம்? எல்லா ஜாதியாரும் செலுத்திய வரிப்பணமன்றோ! சர்வகலாசாலையிற் பலரோடு கற்றுவிட்டு, இரவில் நம்மவரோடு மட்டும் உண்டு உறங்குபவன் பட்டணத்தின் பாதிக் கல்வியை இழக்கிறான். பஸ் மார்க்கத்தின் பெயரால் மாணவர் கட்சி கட்டிக் கைகலக்கும் செய்திகளைப் பத்திரிகைகளிற் கண்டு வருந்துகிறோம். ஒரே பந்தியில் உண்டவர் ஒருவர்மேலொருவர் கையோங்குதல் அரிது.

ஆதலின் மூன்று தீர்மானங்களைச் சபையார் முன் வைக்கின்றோம். விடுதியில் மூன்றிலொரு பங்கு இடம் பிற வகுப்பு ஏழை மாணவர்க்கு அளித்தல். பெண்மக்களுக்குத் தனி விடுதி அமைக்க நிதி தொடங்குதல். நம்மிற் பட்டம் பெற்றோர் ஒவ்வொருவரும் முதல் வருஷ மாணவர் ஒருவர்க்கு வாரம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பித்தல். கடைசியதற்குப் பணமே வேண்டா. மனம் ஒன்றே போதும்.

சபையார் இவற்றை விவாதித்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் கூறி முடிவு செய்யுமாறு வேண்டி அமைகின்றோம்.