இரைப்பைப் புற்றுநோயும் அடுக்களை மருந்தும்

வயிற்றினுள்ளே புற்றுநோய் உண்டென்று வைத்தியர் கூறியதும் ஒரு குடும்பத்தில் முதலில் எழும் வினா பெரும்பாலும் சத்திரசிகிச்சை பற்றியதன்று. “இனி என்ன சாப்பாடு கொடுக்கலாம்?” என்பதே அவ்வினா. அது இயல்பானதே. நோய் தோன்றியிருப்பது உணவு செல்லும் வழியில். உறவினர் தம் கையாற் செய்யக்கூடியதாக எஞ்சியிருப்பதும் உணவு ஒன்றே. அயலவர் ஒருவர் மஞ்சளைச் சொல்வார்; மற்றொருவர் உள்ளியைச் சொல்வார்; மூன்றாமவர் ஓர் இலையைப் பறித்துக்கொண்டே வந்துவிடுவார். அன்பினாற் செய்யப்படும் இவற்றைப் பரிகசித்தல் தகாது. ஆயினும், இவற்றையே நம்பிச் சத்திரசிகிச்சையை மாதக் கணக்காகத் தள்ளிப்போட்டு, வெட்டி அகற்றக்கூடியதாயிருந்த கட்டி அவ்வெல்லையைக் கடந்த பின்னர் வைத்தியசாலைக்கு வருவோரும் உளர். ஆதலின், உணவுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ச்சியாளர் எவ்வாறு விசாரித்தனர் என்பதை அறிந்துகொள்ளுதல் பயனுடையது.

சீன நாட்டின் ஷான்டொங் மாகாணத்தில் லின்ச்சூ என்றொரு மாவட்டம் உண்டு. அங்குள்ள கிராம மக்களிடையே இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகம். அதே மாகாணத்தில், உள்ளி பெருவாரியாக விளையும் சாங்ஷான் என்னும் பகுதியிலோ அந்நோய் மிகக் குறைவு. 1980ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் லின்ச்சூவிலே நோயுற்றோரையும் நோயற்றோரையும் வினவி, அவரவர் உண்டவற்றைக் கணக்கெடுத்தனர். புளித்த சோளமா அப்பம் உண்டோரிடத்தில் நோய் கூடுதலாகவும், உள்ளியும் வெங்காயமும் நிறைய உண்டோரிடத்திற் குறைவாகவும் காணப்பட்டது.

“முடிந்தது வழக்கு, உள்ளியே மருந்து” என்று பலர் இவ்விடத்திலேயே தீர்ப்பெழுதிவிடுவர். ஆனால் உள்ளி மிகுதியாக உண்பவன் காய்கறியும் மிகுதியாக உண்பவனாயிருக்கலாம். புகைப்பதும் உப்பிட்டதை உண்பதும் அவனிடம் குறைவாயிருக்கலாம். இவற்றுள் எது அவனைக் காத்தது என்பதைக் கணக்கெடுப்பு ஒன்றினால் மட்டும் பிரித்தறிதல் அரிது. ஆகவே 1995ஆம் ஆண்டில் லின்ச்சூவின் 13 கிராமங்களைச் சேர்ந்த 3,365 பேரைக் கொண்டு ஒரு பரிசோதனை தொடங்கப்பட்டது. குலுக்கலிற் சீட்டு எடுப்பதுபோல, இன்னாருக்கு இன்ன குளிசை என்பது தற்செயலாகவே வகுக்கப்பட்டது. சிலர் உள்ளியிலிருந்து எடுத்த சாற்றையும் எண்ணெயையும் பெற்றனர். சிலர் விற்றமின் சீ, விற்றமின் ஈ, செலெனியம் என்பவற்றைப் பெற்றனர். ஏனையோர் உருவில் ஒத்த, மருந்தற்ற போலிக் குளிசைகளைப் பெற்றனர். இவை ஏழு ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் கொடுக்கப்பட்டன.

மூன்றாவது மருந்தொன்றும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தது. 1982ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் என்னும் இருவர் மனித இரைப்பையிலிருந்து ஒரு பற்றீரியாவை வளர்த்தெடுத்தனர். ஹெலிக்கோபக்டர் பைலோரி என்பது அதன் இன்றைய பெயர். இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழாது என்று எண்ணியிருந்த வைத்திய உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 1994இல் உலகச் சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அதனைப் புற்றுநோய்க் காரணிகளுள் ஒன்றாக அறிவித்தது. 2005இல் இருவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. இக்கிருமி இருந்த லின்ச்சூ மக்களுட் பாதிப் பேருக்கு இரண்டே வாரங்கள் அமொக்சிசிலினும் ஒமெப்பிரசோலும் கொடுக்கப்பட்டன.

பெறுபேறு என்ன? 2003இல் இரைப்பையினுள்ளே கருவி செலுத்திப் பார்த்தபொழுது, புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்கள் கிருமி மருந்து பெற்றோரிடத்திற் குறைந்திருந்தன. உள்ளி உண்டோரிடத்திலோ விற்றமின் உண்டோரிடத்திலோ அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆராய்ச்சியாளர் அத்துடன் நின்றுவிடாது அம்மக்களை 22 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தனர். 2019இல் வெளியான முடிவின்படி, இரண்டு வார மருந்து இரைப்பைப் புற்றுநோய் தோன்றுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. விற்றமின் பெற்றோரிடத்திலும் அது மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது. உள்ளியோ இந்நோயினால் நேரும் இறப்பைக் குறைத்ததாகத் தோன்றியபோதிலும், நோய் தோன்றுவதைத் தடுத்ததென்று உறுதியாகச் சொல்லுமளவுக்குச் சான்று தரவில்லை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உள்ளி பெற்ற அம்மக்கள் புற்றுநோயாளர் அல்லர். நோய் இன்னும் வராதவர்கள். வருமுன் காப்பதிலேயே இத்துணை ஐயத்துக்கிடமான ஒன்றை, வந்த கட்டியைக் கரைக்கும் மருந்தென்று எப்படிக் கொள்வது? விற்றமின் விஷயத்திலும் லின்ச்சூவிற் கண்டது எங்கும் செல்லும் என்பதில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 1994இல் வெளிவந்தது. காய்கறிகளிலுள்ள பீற்றா கரொட்டினைக் குளிசையாக விழுங்கியோரிடத்தில் நுரையீரற் புற்றுநோய் நூற்றுக்கு 18 வீதம் கூடியிருந்தது! காய்கறி வேறு, அதிலிருந்து பிரித்தெடுத்துக் குளிசையாக்கிய பொருள் வேறு.

மஞ்சளுக்கு வருவோம். அதன் நிறப்பொருளாகிய குர்க்குமின், ஆய்வுகூடக் கண்ணாடிக் கிண்ணத்திலே புற்றுநோய்க் கலங்களைக் கொல்வது உண்மை. ஆனால் நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்கினும் அது இரத்தத்தில் மிகச் சிறிதளவே சேர்கிறது. பரம்பரையாகப் பெருங்குடலிற் கட்டிகள் முளைக்கும் நோயுடைய 44 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். கட்டிகளின் எண்ணிக்கையிலும் பருமனிலும் போலிக் குளிசை பெற்றோரிலும் வேறான பயன் தென்படவில்லை என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. கறிக்கு மஞ்சள் இடுவதை இது தடுப்பதன்று. அதனிடத்தில் வைக்கும் நம்பிக்கைக்கு அளவிருத்தல் வேண்டும் என்பதே கருத்து. இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்று வாதிப்போர் பாக்கையும் நினைத்துக்கொள்வாராக. புகையிலை கூடிய வெற்றிலைத் தாம்பூலம் வாயிலும் தொண்டையிலும் உணவுக் குழாயிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்றும், பாக்குத் தானே ஒரு புற்றுநோய்க் காரணி என்றும் மேற்கூறிய சர்வதேச நிலையம் 2004இல் வெளியிட்டது.

அப்படியாயின் மரஞ்செடிகளிலிருந்து மருந்தே கிடைக்காதா? கிடைத்திருக்கிறது, கிடைத்த வரலாறுதான் நீண்டது. சீனாவிலே ‘மகிழ்ச்சி மரம்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒரு மரம் வளர்கிறது. அதிலிருந்து கம்ப்டொதெசின் என்னும் பொருளை அமெரிக்காவில் மன்ரோ வோல், மன்சுக் வாணி என்னும் இரசாயன அறிஞர் பிரித்தெடுத்து 1966இல் வெளியிட்டனர். வயிற்றுப் புற்றுநோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தபோது மூத்திரப்பையில் இரத்தம் கசிந்தது. கடும் வயிற்றோட்டம் கண்டது. 1970ஆம் ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது. கலம் பெருகும்போது அதன் மரபுப்பொருள் இழையின் முறுக்கைத் தளர்த்தும் நொதியமொன்றை இது முடக்குகிறது என்பது 1985இல் தெளிவாயிற்று. யப்பானியர், சிறப்பாகப் புளித்த பாற்பானத்தாற் பெயர்பெற்ற யாகுல்ட் நிறுவனத்தார், அப்பொருளை உடல் தாங்கும் வண்ணம் மாற்றியமைத்தனர். இரினொடெக்கன் என்னும் அம்மருந்து 1996இல் பெருங்குடற் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆக, மரத்திலிருந்து நோயாளியின் நரம்பேறும் வரை முப்பது ஆண்டுகள் சென்றன. அம்மரத்தின் பட்டையை அவித்துக் குடித்திருந்தால் நஞ்சும் மருந்தும் ஒருங்கே உள்ளே சென்றிருக்கும். எவ்வளவு சென்றது என்பதையும் எவரும் அறிந்திரார்.

இதே இரினொடெக்கனைப் பற்றிய மற்றொரு செய்தி. ஐரோப்பாவில் மனச்சோர்வுக்காகப் பலர் உட்கொள்ளும் சென் ஜோன்ஸ் வோர்ட் என்னும் மூலிகையை, இம்மருந்து ஏற்றப்படும் ஐந்து நோயாளருக்கு உடன்கொடுத்து ஒல்லாந்தில் இரத்தத்தைச் சோதித்தனர். மருந்தின் வேலை செய்யும் கூறு நூற்றுக்கு 42 வீதம் குறைந்திருந்தது என்று 2002இல் அறிவித்தனர். நோயாளி தீங்கொன்றும் உணரார்; மூலிகை நல்லதென்றே எண்ணியிருப்பார். உள்ளே மருந்து வீணாகிக்கொண்டிருக்கும்.

முதலில் எழுந்த வினாவுக்கு விடை இன்னும் மிச்சமாயிருக்கிறது. சிகிச்சைக் காலத்தில் உணவின் வேலை கட்டியைக் கரைப்பதன்று; சிகிச்சையைத் தாங்கும் வலுவை உடலுக்குத் தருவது. இந்நோயாளர் விரைவில் மெலிவர். இரைப்பையில் ஒரு பகுதியோ முழுவதுமோ அகற்றப்பட்டவர் மூன்று வேளை நிறைய உண்ணல் இயலாது. சிறிது சிறிதாக ஆறு வேளை உண்ணலாம். முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றுள் வயிறு ஏற்பவற்றைக் கொடுக்கலாம். “புற்றுநோய்க்குச் சீனி ஆகாது, இறைச்சி ஆகாது” என்று எல்லாவற்றையும் மறித்து, ஏற்கெனவே மெலிந்தவரைப் பட்டினி போடுதல் கூடாது. வாரந்தோறும் நிறை பார்த்து ஒரு காகிதத்திற் குறித்து, சிகிச்சைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்லுதல் நன்று. அயலவர் கொண்டுவந்த இலையை நோயாளி அருந்தியிருந்தால், அதன் பெயரையும் அருந்திய நாளையும் அதே காகிதத்தில் எழுதி வைத்தியரிடம் காட்டவேண்டும்.