கூரை மாறினால் காவலும் மாற வேண்டும்

 

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. இந்நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்த பெருமையுடையது அதன் ஏரி. ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏரியுமாக, நீரே எல்லையாக வாழ்வன அங்குள்ள மீனவக் குப்பங்கள். ஆயினும் ஓலைக்குடிசை ஒன்றில் தீப்பற்றினால், குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடி நீர் மொண்டு திரும்புவதற்குள் கூரை முழுவதும் கனன்றுவிடும். தீயணைப்பு ஊர்தியோ தொலைவிலிருந்து வர வேண்டும். ஏரியின் நடுவே படகில் மட்டுமே சென்றடையத்தக்க தீவூர்களும் உண்டு. கண்ணெதிரே கடலளவு நீர் இருந்தும் தீயை அணைக்க ஒரு குடம் நீர் இல்லை என்பதே அவ்வூர்களின் நெடுங்காலத் துயரம்.

இத்துயரம் உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. தீயை வெல்வது நீரின் அளவன்று. உரிய நொடியில் உரிய இடத்தில் நீர் இருப்பதே. இவ்வுண்மையின் மேல் எழுந்த கருவியே ஸ்பிரிங்க்ளர் எனப்படும் தானியங்கி நீர்த்தெளிப்பான். அமெரிக்க நாட்டின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி என்பார், தம் ஆலையைக் காக்க 1874-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். பின்னர் பிரெடரிக் கிரின்னெல் அதனைச் செம்மைப்படுத்தினார்.

கூரையின் அடியில் ஓடும் குழாயில் நீர் எந்நேரமும் அழுத்தத்துடன் காத்திருக்கும். குழாயின் வாயை, திரவம் நிறைந்த சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைத்திருக்கும். தீயின் வெம்மை ஏறும்போது திரவம் விரிய, குமிழ் உடைய, நீர் பொழியும். பொதுவாகப் பயன்படும் சிவப்புக் குமிழ் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உடைவது. வெயிலில் காயும் தகரக் கூரையின் கீழ், 79 பாகைக்குரிய மஞ்சள் குமிழோ 93 பாகைக்குரிய பச்சைக் குமிழோ பொருத்தப்படும். ஓரிடத்தில் தீப்பற்றினால் கட்டடம் முழுவதும் நீர் கொட்டிப் பொருள்கள் பாழாகும் எனப் பலர் அஞ்சுவர். அது பிழையான எண்ணம். எந்தக் குமிழை வெம்மை தீண்டுகிறதோ அது மட்டுமே திறக்கும். அடுப்புப் புகைக்கோ ஊதுவத்திப் புகைக்கோ அது திறவாது.

எக்கட்டடத்திற்கு இது வேண்டும் என்பதை வரையறுப்பது தேசியக் கட்டட நெறிமுறைத் தொகுப்பு. 2016-இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் நான்காம் பகுதி, தீப் பாதுகாப்பிற்கென்றே வகுக்கப்பட்டது. அது கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் மட்டும் நோக்குவதில்லை. உள்ளே யார் இருப்பர், எத்தனை பேர் இருப்பர், என்ன பொருள் வைக்கப்படும் என்பதையும் நோக்குகிறது. தாழ்ந்த தனி வீட்டிற்கு நீர்த்தெளிப்பானை அது கட்டாயமாக்கவில்லை. உயர்ந்த மாடிக் கட்டடங்கள், பெரிய நிலவறைக் கிடங்குகள், மக்கள் பெருந்திரளாகக் கூடும் இடங்கள் ஆகியவற்றுக்கே அக்கடமை வருகிறது.

இங்கேதான் கருத்தூன்ற வேண்டிய செய்தி உள்ளது. புதுக்கட்டடம் எழுப்புவோர் வரைபடத்துடன் அலுவலகம் செல்கின்றனர். விதி அவர்களைத் தடுத்து நிறுத்திக் கேள்வி கேட்கிறது. பழைய கட்டடத்தின் பயனை மாற்றுவோரோ பெயர்ப்பலகையை மாற்றுவதோடு அமைகின்றனர். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டடத்தின் பயனைப் பெரிதும் மாற்றுவதையும் அனுமதி பெற வேண்டிய வளர்ச்சிப் பணியாகவே கருதுகிறது. குடியிருப்பு பள்ளியானாலும், பள்ளி விடுதியானாலும், அக்கட்டடம் புதிய பயனுக்குரிய காவலை ஏற்றாக வேண்டும்.

ஏற்காதபோது நேர்வது என்ன என்பதைத் தமிழகம் கண்ணீரால் அறிந்துள்ளது. 2004 ஜனவரி 23-இல் திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில், மணவிழாக் கூரைப் பந்தலில் பற்றிய தீ மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. ஆறு திங்கள் கழிவதற்குள், ஜூலை 16-இல், கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்தது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகிய படிக்கட்டு, தலைக்கு மேல் கீற்று. குழந்தைகள் பெருகினர், காவல் பெருகவில்லை. அவ்விழப்பிற்குப் பின் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13-இல், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் கூறே எனத் தீர்ப்பளித்தது.

பழவேற்காட்டுக் கரையிலும் மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்துபோன பின் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. கூரையில் தீப்பற்றும் அச்சம் குறைந்தது. ஆயினும் கல்வீடு எரியாது என்னும் நம்பிக்கை முழு உண்மையன்று. வீட்டின் ஓர் அறை நைலான் வலைக்கும் எந்திரப் படகின் எரிபொருளுக்கும் கிடங்காகும்போது, மற்றோர் அறையில் பனையோலைப் பின்னலுக்கான ஓலைக் கட்டுகள் குவியும்போது, மாடி தனிப்பயிற்சிக் கூடமாகும்போது, அது வீடு என்னும் நிலையிலிருந்து மாறிவிடுகிறது. சுவர் எரியாது, உள்ளிருப்பவை எரியும், அதன் புகை உயிர்களை மாய்க்கும்.

அத்தகைய சிறு கட்டடங்களுக்குச் சட்டம் நீர்த்தெளிப்பானைக் கேட்காமலிருக்கலாம். அதன் உட்பொருளையேனும் கைக்கொள்ளலாம்: எரிபொருளை மனிதர் உறங்கும் இடத்திலிருந்து பிரித்தல், வெளியேற இரு வழிகள், மேல்நிலைத் தொட்டியில் என்றும் குறையாத நீர். நீர்த்தெளிப்பான் பொருத்தும் பெரிய கட்டடங்களிலோ கடற்கரைக்கே உரிய கவனங்கள் சில வேண்டும். உப்புக்காற்று இரும்புக் குழாயை அரிக்கும்; ஆண்டுதோறும் சோதித்தல் இன்றியமையாதது. புயல் நாளில் மின்சாரம் நிற்கும். டீசலில் இயங்கும் மாற்று நீரேற்றி வேண்டும். வெள்ளையடிப்போர் குமிழின் மேல் வண்ணம் பூசிவிட்டால், வேண்டிய வேளையில் அது உடையாது. தோரணங்களை அதில் கட்டுவதும், மூட்டைகளை அதன் அடிவரை அடுக்குவதும் நீரின் வழியை அடைப்பதாகும்.

இவ்வளவு கட்டுப்பாட்டை யார் காப்பர் என்று கேட்கலாம். அதற்கு விடை அவ்வேரியிலேயே உள்ளது. அங்குள்ள மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் 'பாடு' என்னும் முறையைக் காத்து வருகின்றனர். எவர் எந்நாளில் எந்த நீர்ப்பரப்பில் வலையிடலாம் என்பது ஊர் கூடி வகுப்பது. அதிகாரி ஒருவர் நின்று பார்ப்பதில்லை. முறை தவறினால் பசிப்பது அண்டைவீடு என்பதை அறிந்ததால் அது நிலைக்கிறது. தீப் பாதுகாப்பு விதியும் அத்தகையதே. அலுவலகத்தார் கேட்பதற்காகக் காட்டும் சான்றிதழாக இருக்கும் வரை அது காகிதம். ஊரார் ஒருவரையொருவர் காக்க ஏற்கும் முறையாகும்போதே அது காவல்.

அறக்கட்டளைகள் பழைய இல்லங்களை மாணவர் விடுதிகளாகவும் யாத்திரிகர் தங்குமிடங்களாகவும் மாற்றுகின்றன. விழா நாளில் மண்டபம் நிறைகிறது. அன்னதானக் கூடத்தில் அடுப்பெரிகிறது. உயிரோம்பலை முதல் அறமாகக் கொண்டோர் கட்டும் கூரையின் கீழ், அயலூர்க் குழந்தை ஒன்று அச்சமின்றி உறங்க வேண்டாவா? கதவைத் திறந்து வரவேற்பது விருந்தோம்பல்; அக்கதவு எந்நேரமும் உள்ளிருந்து திறக்கும்படி வைப்பதும், தலைக்கு மேல் நீரைக் காவல் வைப்பதும் அதே விருந்தோம்பலின் மறுபாதி.

பெயர்ப்பலகை மாறும் நாளிலேயே காவலும் மாறட்டும். நல்லறம் ஓங்குக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!