அரசு இணையதளங்கள்: இயங்கும் நேரமும் இயங்கும் தரமும்

(அரசு அலுவலர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்குமான பயிற்சி முகாமொன்றில் ஆற்றிய உரை)



நான் பொருளாதாரம் பயின்றவன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆயினும் இணையதளங்களின் இயக்கத்தைக் கண்காணிப்பது பற்றி உங்களிடையே பேச முன்வந்துள்ளேன். அதற்குக் காரணம் உண்டு. ஓர் அரசு இணையதளம் நன்கு இயங்குகிறதா என்னும் வினா பொறியியல் வினாவாகத் தோன்றினும், அடிப்படையில் அஃது அளவீடு பற்றிய வினாவே ஆகும். எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது, யாரைக் கணக்கில் கொள்வது என்பவற்றை முதலில் தீர்மானிக்க வேண்டும். இவற்றைத் தீர்மானிக்காமல் எத்தனை கருவிகளை வாங்கி வைப்பினும் பயன் விளையாது.

முன்னாளில் குடிமக்கள் அரசை அணுகிய இடம் அலுவலகத்தின் சாளரம். சாளரம் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் எழுத்தருக்கும் தெரியும். வெளியே வரிசையில் நிற்பவருக்கும் தெரியும். இணையதளத்தின் நிலை வேறு. அது மூடிக்கிடப்பது வெளியே நிற்பவருக்கு மட்டுமே தெரிகிறது. உள்ளே இருப்பவர் தம் கதவு திறந்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார். கண்காணிப்பு என்பது இந்த அறியாமையைப் போக்கும் ஏற்பாடே ஆகும்.

ஒரு படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பு வகித்த பிரிவில், மாணவர் உதவித்தொகைக்கு இணையதளம் வழியே விண்ணப்பம் பெற்றோம். கடைசி நாளன்று மாலை வரை எங்கள் அறையில் இருந்த கண்காணிப்புத் திரை முழுவதும் பச்சை விளக்குகளாகவே இருந்தது. மனநிறைவோடு வீடு திரும்பினோம். மறுநாள் காலையில்தான் புகார்கள் வந்து குவிந்தன. மாலை 6 மணி முதல் நள்ளிரவு வரை, கைப்பேசிக்கு வரவேண்டிய ஓ.டி.பி. எண் பலருக்கு வரவே இல்லை. அந்த எண் இன்றி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க இயலாது. எங்கள் கண்காணிப்பு நிரலோ முகப்புப் பக்கத்தை மட்டுமே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் சர்வர் இருந்த அதே கட்டடத்திலிருந்து! முகப்புப் பக்கம் ஒரு நொடியும் தவறாமல் திறந்தது. அதற்கப்பால் யாராலும் செல்ல இயலவில்லை.

கடைசி நாளை நீட்டித்தோம். ஆயினும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து, மகளைப் பொதுச் சேவை மையத்திற்கு அழைத்து வந்து காத்திருந்த தந்தை மறுமுறையும் வந்தாரா என்பதை எங்கள் பதிவேடுகளிலிருந்து அறிந்துகொள்ள வழியில்லை. அம்மாத அறிக்கையில், தளம் 99 விழுக்காட்டிற்கும் மேல் இயங்கியது என்ற வரி மட்டும் குறையின்றி இடம் பெற்றது.

விழுக்காட்டின் பொருள்

99 விழுக்காடு என்றால் முதல் வகுப்பு மதிப்பெண் போல நமக்குத் தோன்றுகிறது. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஒரு விழுக்காடு 87.6 மணி, அதாவது மூன்றரை நாளுக்கும் மேல். 99.9 விழுக்காடு எனில் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரமும், 99.99 விழுக்காடு எனில் ஏறத்தாழ 53 நிமிடமும் தளம் நின்றிருக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு ஒன்பதைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுத்துப் பிழை அளவினதான செய்தியன்று; அதற்கேற்பச் செலவும் பெருகும்.

இதனினும் முக்கியமான கேள்வி, அந்த நேரம் எப்போது கழிந்தது என்பது. எங்கள் அனுபவத்தையே ஓர் உதாரணக் கணக்காக்கிப் பார்ப்போம். 30 நாள் கொண்ட மாதத்திற்கு 720 மணி நேரம். ஆறு மணி நேரம் சேவை முடங்கினால் இயக்க நேரம் 99.2 விழுக்காடு. அம்மாதம் வரக்கூடிய விண்ணப்பங்கள் ஒரு லட்சம் என்றும், அவற்றுள் 20,000 கடைசி ஆறு மணி நேரத்தில் வருபவை என்றும் கொள்வோம். அந்நேரத்தில் எவராலும் சமர்ப்பிக்க இயலாது போயின், மக்கள் கணக்கில் சேவை கிடைத்தது 80 விழுக்காடு மட்டுமே. நேரத்தால் அளந்தால் 99.2, மனிதரால் அளந்தால் 80. இரண்டுமே சரியான கணக்குகள்தாம். ஆனால் அரசு எந்தக் கணக்கிற்குப் பொறுப்பேற்க வேண்டும்?

விலைக் குறியீட்டெண் தயாரிக்கும்போது அரிசிக்கும் ஊறுகாய்க்கும் ஒரே எடை அளிப்பதில்லை அன்றோ? அவ்வாறே பின்னிரவு மூன்று மணிக்கும், கடைசி நாளின் மாலை ஏழு மணிக்கும் ஒரே எடை அளித்தல் தகாது. நம் நாட்டின் பொதுச் சேவைகள் பலவற்றில் தேவை ஒரு சில நிமிடங்களில் வந்து குவிகிறது. ரயில்வே தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் ஏனைய வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. மாதந்தோறும் சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்குத் தாக்கல் செய்வோர்க்கு 20ஆம் தேதி நெருக்கடியான நாள். 2021 ஏப்ரல் 28 அன்று 18 முதல் 44 வயது வரையிலானோர்க்குத் தடுப்பூசிப் பதிவு தொடங்கியபோது, ஒரே நாளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கோவின் தளத்தில் பதிவு செய்தனர். இத்தகைய நேரங்களில் தளம் தாங்குகிறதா என்பதே உண்மையான சோதனை.

சராசரியின் மயக்கம்

தளம் இயங்கினால் மட்டும் போதாது. உரிய வேகத்திலும் இயங்க வேண்டும். இங்கும் ஒரு மயக்கம் உண்டு. நூறு பேர் ஒரு பக்கத்தைத் திறக்கின்றனர். 90 பேருக்கு ஒரு நொடியில் திறக்கிறது. 10 பேர் 21 நொடி காத்திருக்கின்றனர். சராசரி 3 நொடி. அறிக்கையில் 3 நொடி என எழுதினால் மேலதிகாரி ஏற்றுக்கொள்வார். ஆனால் அந்த நூறு பேரில் ஒருவர்கூட 3 நொடி காத்திருக்கவில்லை! தலா வருமானத்தைக் கொண்டு வறுமையை அளக்க முற்படுவது போன்றதே இதுவும். ஆகவேதான் செயல்திறனை நூற்றுமானத்தால் அளக்கின்றனர். 95ஆவது நூற்றுமானம் 21 நொடி என்று எழுதினால், ஓரத்தில் நிற்பவரின் துன்பம் தாளில் வந்துவிடும். அவர் பெரும்பாலும் விலை குறைந்த கைப்பேசியும் வலுவற்ற அலைவரிசையும் உடையவர். அந்தத் தளம் யாருக்காக அமைக்கப்பட்டதோ அவரே.

அமைக்கும் முறை

இனி, கண்காணிப்பை எவ்வாறு அமைப்பது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, வெளியிலிருந்து பார்த்தல். சர்வர் இருக்கும் இடத்திற்குத் தொடர்பற்ற, வெவ்வேறு வலையமைப்புகளைச் சார்ந்த மூன்று ஊர்களிலிருந்தேனும் நிமிடத்திற்கு ஒருமுறை தளத்தைச் சோதிக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை எனில், இடையில் நேர்ந்த நான்கு நிமிட முடக்கம் கண்ணில் படாமலே போகலாம். ஓரிடத்தில் தோல்வி கண்டவுடன் கூக்குரலிடாமல், இரண்டாவது இடமும் அதை உறுதி செய்தபின் எச்சரிக்கை விடுப்பது நன்று.

இரண்டாவது, உள்ளடக்கத்தைப் பார்த்தல். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற அறிவிப்பைத் தாங்கிய பக்கமும், எல்லாம் நலமெனக் கூறும் 200 என்ற குறியீட்டோடு வந்து சேர்வதுண்டு. எனவே பக்கத்தில் இருக்க வேண்டிய சொற்றொடர் இருக்கிறதா என்றும் நிரல் சரிபார்க்க வேண்டும்.

மூன்றாவது, முழுப் பணியையும் நடத்திப் பார்த்தல். கற்பனை விண்ணப்பதாரர் ஒருவர் உள்நுழைந்து, ஓ.டி.பி. பெற்று, படிவம் நிரப்பி, ஒப்புகை எண் பெறும் வரை ஒவ்வொரு படியையும் குறிப்பிட்ட இடைவெளியில் நிரலே செய்து பார்க்க வேண்டும். இச்சோதனை விண்ணப்பங்கள் மெய்யானவற்றோடு கலந்துவிடாதபடி தனி அடையாளம் இடுதல் அவசியம். எங்களிடம் இருந்திராத ஏற்பாடு இதுவே.

நான்காவது, உள்ளிருந்து பார்த்தல். தாமதம், வருகையின் அளவு, பிழைகளின் விகிதம், கொள்ளளவு நிரம்பிய நிலை ஆகிய நான்கையும் தொடர்ந்து பதிவு செய்தல் வேண்டும். வட்டில் இடம் தீர்ந்துபோவது, தரவுத்தள இணைப்புகள் நிரம்பிவிடுவது போன்றவை முன்கூட்டியே அறிகுறி காட்டுபவை; கவனிப்பார் இருந்தால் தவிர்க்கத்தக்கவை.

ஐந்தாவது, நாட்காட்டி. பாதுகாப்புச் சான்றிதழும் தளப்பெயர்ப் பதிவும் காலாவதியாகும் நாள் நமக்கு முன்பே தெரியும். இருந்தும் இவற்றால் தளங்கள் முடங்குவதுண்டு. சான்றிதழ்களின் உச்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 மார்ச் முதல் 47 நாளாக்குவதெனச் சான்றிதழ் வழங்குவோரும் பிரௌசர் நிறுவனங்களும் அடங்கிய மன்றம் 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. இனி எழுத்தரின் நினைவை நம்பியிருக்க இயலாது.

கண்காணிக்கும் கருவி, கண்காணிக்கப்படும் சர்வரிலேயே குடியிருத்தல் கூடாது. வீடு எரியும்போது காவலரும் உள்ளேயே உறங்கினால் செய்தி சொல்வார் யார்? கருவிகளுக்குப் பெருஞ்செலவு ஆகும் என்னும் அச்சமும் வேண்டா. நாகியாஸ், ஸாபிக்ஸ், புரோமீதியஸ், கிராஃபானா முதலிய நிரல்கள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. செலவு கருவியில் இல்லை. அதைக் கவனித்துச் செயற்படும் மனிதரில் இருக்கிறது.

மணி அடித்தால் யார் எழுவார்?

இரவு ஒரு மணிக்கு எச்சரிக்கை வந்தால் எவர் கைப்பேசி ஒலிக்கும்? அவர் பத்து நிமிடத்தில் விடையளிக்காவிடில் அடுத்தவர் யார்? பழுது நீக்கும் அதிகாரம் அவருக்கு உண்டா? இவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைக்காத அலுவலகத்தில் கண்காணிப்பு என்பது அலங்காரமே. மற்றொரு புறம், நாளொன்றுக்கு இருநூறு எச்சரிக்கைகள் வந்தால் மூன்றாம் நாள் எவரும் அவற்றைப் படிக்கமாட்டார். பொதுமக்களின் பணி தடைப்படும்போது மட்டுமே உறக்கத்தைக் கலைக்க வேண்டும். ஏனையவை காலைப் பட்டியலில் இடம் பெற்றால் போதும்.

நிகழ்ந்த பின் ஆராய்வதற்குப் பதிவுகள் வேண்டும். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று விடுத்த ஆணைகள், கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் காக்கவும், அவற்றின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்கவும் வலியுறுத்துகின்றன. கணினிக்குக் கணினி கடிகாரம் வேறுபட்டால் எது முன்னே, எது பின்னே என்பதை நிறுவ முடியாது. ஆராய்ச்சியின் நோக்கம் எவரையேனும் தண்டிப்பதாக அமைந்தால், அடுத்த முறை உண்மை மறைக்கப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

அளவைப் பொதுவில் வைப்பதும் பயன் தரும். யு.பி.ஐ. பரிவர்த்தனைகளில் தொழில்நுட்பக் காரணத்தால் தோல்வியுற்றவற்றின் விழுக்காட்டை இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் வங்கிவாரியாக வெளியிடுகிறது. எவர் பின்தங்கினர் என்பது ஊரறிந்த செய்தியாகும்போது திருத்தம் விரைகிறது. அரசுத் துறைகளும் இவ்வழியைப் பின்பற்றலாம்.

நிறைவாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை நீங்கள் ஏதேனும் ஒரு திட்டத்தின் பொறுப்பை ஏற்பீர்கள். மாத அறிக்கை உங்கள் மேசைக்கு வரும். ‘இயங்கிய நேரம்’ என்ற பத்தியின் அருகே இன்னொரு பத்தி வரையச் செய்யுங்கள்: ‘தொடங்கியும் முடிக்க இயலாதவர் எத்தனை பேர்?’ அந்த எண் நம்மைச் சங்கடப்படுத்தும். ஆயினும் அன்று மாலை சேவை மையத்தில் மகளோடு காத்திருந்த தந்தை இடம் பெறக்கூடிய ஒரே பத்தி அதுதான்.